நேரலைச் சூது: நேர்மைக்கு யார் சாட்சி?

பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா 2025 ஆகஸ்ட் 20-ம் தேதி மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஏறத்தாழ 45 கோடிப் பேர் ஆண்டுதோறும் சுமார் ரூ.20 ஆயிரம் கோடியை இந்த விளையாட்டுகளில் இழக்கின்றனர் என்பது அரசு தரப்பிலேயே கூறப்பட்ட மதிப்பீடு. இத்தனை பெரிய விவகாரம், பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் குறித்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே, முறையான விவாதம் இன்றியே முடிந்துபோனது.

தடை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஆனால், அவையில் எழாமலே போன கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுகளாகக் கைப்பேசித் திரையில் நேரடி ஒளிபரப்பாகச் சீட்டுப் புரட்டிக் காட்டியவர்கள் நேர்மையாகத்தான் ஆடினார்களா? இல்லை என்றால், பணத்தைப் பறிகொடுத்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

இந்தக் கேள்வியை மும்பையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். சூதாட்டத்தில் நம்பிக்கை என்பது எப்படி உருவாக்கப்படுகிறது, எப்படி விற்கப்படுகிறது என்பதற்கு இந்தியாவில் வேறு எந்த நகரத்துக்கும் இவ்வளவு நீண்ட அனுபவம் இல்லை.

மாட்டுங்கா வழக்கு

தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்காவின் காவல் நிலையத்தில் 2023 நவம்பரில் ஒரு வழக்கு பதிவானது. நீதிமன்ற உத்தரவின்பேரில் பதிவான அந்த வழக்கில், 'மகாதேவ்' பந்தயச் செயலியை நடத்தியதாகக் கூறப்படும் செளரப் சந்திராகர், ரவி உப்பல் உள்ளிட்ட 32 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2019 முதல் மக்களிடம் சுமார் ரூ.15 ஆயிரம் கோடி ஏமாற்றப்பட்டது என்பது புகார்.

சத்தீஸ்கரின் பிலாய் நகரைச் சேர்ந்த இருவர், துபையில் இருந்துகொண்டு இந்தியா முழுவதும் கிளைகளைப் பரப்பியதாக அமலாக்கத் துறை கூறுகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு 'பேனல்'. லாபத்தைப் பங்கிடுவதற்கு 70:30 என்ற கணக்கு. வாட்ஸ் ஆப்பில் ஓர் எண்ணைத் தொடர்பு கொண்டால் போதும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்துவிடும். கிரிக்கெட், டென்னிஸ் பந்தயங்களுடன் மூன்று சீட்டு, போக்கர், டிராகன் டைகர் போன்ற சீட்டாட்டங்களும் அதில் இருந்தன. பணம் போய்ச் சேர்ந்ததோ, பிறர் பெயர்களில் திறக்கப்பட்ட வங்கிக் கணக்குகளுக்கு.

அந்தத் துறை சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று கவனத்துக்கு உரியது. மொத்தத்தில் பேனல் நடத்துபவர் ஒருபோதும் நஷ்டமடையாத வகையில் ஆட்டங்கள் அமைக்கப்பட்டிருந்தன என்பதே அது. தொடக்கத்தில் சிறிது வெல்லலாம். நாள் செல்லச் செல்லத் தோற்றே ஆக வேண்டும். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட வேண்டியது நீதிமன்றத்தில். ஆயினும், லட்சக்கணக்கானோர் இந்த ஆட்டத்தை நம்பிப் பணம் கட்டினார்கள் என்பதில் ஐயமில்லை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பானையில் இருந்து திரைக்கு

மும்பை மட்காவின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியே பம்பாய்க்கு வந்து சேரும். அந்த எண்களின் மீது இங்கே பந்தயம் கட்டினார்கள். ஏழு கடல் தாண்டி நிர்ணயமாகும் விலையை உள்ளூர்த் தரகர் எவரும் மாற்ற முடியாது என்பதுதான் அந்தச் சூதின் மூலதனம்.

1961-ல் நியூயார்க்கில் இருந்து எண்கள் வருவது நின்றது. சூது நிற்கவில்லை. காகிதத் துண்டுகளில் எண்களை எழுதிப் பானைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பானைக்கு அங்கே 'மட்கா' என்று பெயர். கட்ச் பகுதியில் இருந்து வந்த கல்யாண்ஜி பகத் 1962-ல் வொர்லி மட்காவைத் தொடங்கினார். கராச்சியில் இருந்து பிரிவினையின்போது வந்த ரத்தன் கத்ரி 1964-ல் புதிய வொர்லி மட்காவை ஆரம்பித்தார். பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. மூன்று சீட்டுகளை எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையில் கடைசி எண்ணை அறிவிப்பார்கள். இரவு 9 மணிக்குத் தொடக்கம், நள்ளிரவில் முடிவு. பஞ்சாலைத் தொழிலாளியின் ஒரு ரூபாயும் திரைப்பட முதலாளியின் ஆயிரங்களும் அந்த ஓர் எண்ணில் சங்கமித்தன.

பலர் பார்க்கச் சீட்டு எடுப்பவர் என்ற பெயர்தான் கத்ரியின் செல்வாக்குக்குக் காரணம் என்று அக்காலத்தை அறிந்தவர்கள் கூறுவதுண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் 19 மாதங்கள் சிறையில் இருந்த பிறகும் அவருடைய தொழில் அழிந்துவிடவில்லை. 1982-ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தமும் 1990-களில் போலீஸார் காட்டிய கெடுபிடியும்தான் மட்காவை ஒடுக்கின. 2020-ல் கத்ரி காலமானார். கல்யாண்ஜியின் மகன் சுரேஷ் பகத் 2008-ல் கொல்லப்பட்ட வழக்கில், அவருடைய குடும்பத்தினர் உள்ளிட்டோர் 2013-ல் தண்டிக்கப்பட்டனர். வெளிப்படையாகச் சீட்டு எடுத்துக் காட்டிய தொழிலின் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த வழக்கு ஓர் எடுத்துக்காட்டு.

தொலைதூரத்து எண், பிறகு பானை, பிறகு பலர் முன்னிலையில் சீட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் சூது நடத்துபவர் விற்ற பொருள் ஒன்றே: 'இதில் யாரும் கை வைக்க முடியாது' என்ற உறுதிமொழி. நேரடி ஒளிபரப்பு அந்த வரிசையில் கடைசியாக வந்தது.

கண்ணால் காண்பதும் பொய்

உரிமம் பெற்ற நேரலைச் சூதாட்டக் கூடங்கள் எப்படி இயங்குகின்றன என்பது ரகசியமல்ல. 2006-ல் தொடங்கப்பட்ட ஸ்வீடனின் எவல்யூஷன் நிறுவனம் லாட்வியாவின் ரீகா நகரில் இத்தகைய கூடங்களை நடத்துகிறது. பணியாளர் ஒருவர் உண்மையான மேஜையில் உண்மையான சீட்டுகளைப் போடுவார். பல கேமராக்கள் அதைப் படம் பிடிக்கும். சீட்டில் உள்ள எண்ணைக் கருவி படித்துக் கணினிக்கு அனுப்பும். யாருக்கு வெற்றி, எவ்வளவு பணம் என்பதைக் கணினி தீர்மானிக்கும். கூடத்தையும் கருவிகளையும் கணக்குகளையும் சோதிப்பதற்கு அந்தந்த நாட்டின் ஒழுங்காற்று அமைப்புகளும் அவை ஏற்றுக்கொண்ட சோதனைக் கூடங்களும் உள்ளன.

அங்கே நம்பிக்கைக்கு ஆதாரம் கேமரா அல்ல. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் தணிக்கையாளர். இந்தியாவில் ஆடுபவருக்குக் கேமரா மட்டுமே காட்டப்படுகிறது. மேஜை எந்த நாட்டில் இருக்கிறது, சீட்டுக்கட்டு கலைக்கப்பட்டதா, தான் காண்பது இந்த நொடியில் நடப்பதா அல்லது முன்பே பதிவு செய்யப்பட்டதா, பந்தயம் மூடப்பட்ட பிறகுதான் முடிவு தெரிந்ததா என்பவற்றில் எதையும் அவரால் சரிபார்க்க முடியாது.

நேரடி ஒளிபரப்பு என்பதே நேர்மைக்குச் சான்று ஆகாது என்பதைக் குஜராத் காட்டிவிட்டது. மேசாணா மாவட்டத்தின் மோலிபூர் கிராமத்தில் 2022-ல் ஒரு வயலைச் சமப்படுத்தி கிரிக்கெட் மைதானம் ஆக்கினார்கள். பண்ணைக் கூலிகளுக்கும் வேலையற்ற இளைஞர்களுக்கும் ஆட்டத்துக்கு 400 ரூபாய் கூலி பேசி, ஐ.பி.எல். அணிகளின் சீருடையை மாட்டிவிட்டார்கள். ஐந்து கேமராக்கள் வைத்து, இணையத்தில் எடுத்த ரசிகர்களின் ஆரவாரத்தைச் சேர்த்து, பிரபல வர்ணனையாளரின் குரலில் பேச ஓர் ஆளையும் அமர்த்தி, யூ டியூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். ரஷ்யாவில் இருந்தவர்கள் பந்தயம் கட்டினார்கள். அடுத்த பந்து என்ன ஆக வேண்டும் என்ற கட்டளை நடுவருக்கு வாக்கி டாக்கியில் வந்தது. ஜூலையில் போலீஸார் பிடித்தபோது போட்டி கால் இறுதியை எட்டியிருந்தது. ஒளிபரப்பு உண்மை, பந்து உண்மை, மட்டை உண்மை. ஆட்டம் மட்டும் பொய். 22 பேர் ஆடும் கிரிக்கெட்டையே இப்படி நடத்த முடியுமானால், ஒரு மேஜையும் ஒரு சீட்டுக்கட்டும் எம்மாத்திரம்?

தமிழகத்துத் திருவிழாக்களில் மூணு சீட்டுக்காரனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கூட்டத்தில் முதலில் வென்று பணத்தை எண்ணிக்கொண்டு போகிறவன் அவனுடைய ஆள்தான் என்பது ஊரறிந்த செய்தி. திரையில் ஓடும் வெற்றியாளர் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்பதைக் கேட்பதற்கு மட்டும் ஆள் இல்லை.

நேர்மையான ஆட்டத்தின் கணக்கு

ஒரு வாதத்துக்காக, ஆட்டம் முற்றிலும் நேர்மையாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் கணக்கு ஆடுபவருக்குச் சாதகமாக இல்லை.

மட்காவில் பத்து எண்கள். ஒற்றை எண்ணுக்கு ஒரு ரூபாய் கட்டி வென்றால் 9 ரூபாய் என்பது வழக்கமான விகிதம். பத்து எண்களுக்கும் ஒவ்வொரு ரூபாய் கட்டினால் 10 ரூபாய் செலவு. திரும்பி வருவது 9. நூற்றுக்குப் பத்து நடத்துபவருக்கு. ஐரோப்பிய முறை ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். அத்தனைக்கும் ஒவ்வொரு ரூபாய் கட்டினால் திரும்பி வருவது 36. நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசுதான் நடத்துபவருக்கு. மட்காவைவிட ரூலெட் மிகவும் நியாயமானது என்றே தோன்றும்.

ஆனால், மட்கா நாளுக்கு இருமுறை. ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் கட்டியவரின் சராசரி இழப்பு நாளுக்கு 20 ரூபாய். நேரலைச் சக்கரம் நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வதாகக் கொண்டால், அதே 100 ரூபாயைத் தொடர்ந்து கட்டுபவர் ஒரு மணி நேரத்தில் 6,000 ரூபாயைப் பணயம் வைக்கிறார். சராசரி இழப்பு 162 ரூபாய்; அதுவும் ஒரே மணி நேரத்தில். வடநாட்டில் 'அந்தர் பாஹர்' என்றும் தமிழகத்தில் 'உள்ளே வெளியே' என்றும் அழைக்கப்படும் ஆட்டத்தில், முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு வெற்றி வாய்ப்பு சுமார் 51.5 சதவீதம். அதனால்தான் அந்தப் பக்கத்துக்குப் பரிசு விகிதத்தைக் குறைத்து வைக்கிறார்கள். நேர்மை என்பது சீட்டைப் பொறுத்தது. லாபம் என்பது விகிதத்தையும் வேகத்தையும் பொறுத்தது. சூதில் வெல்வதைக்கூடத் தூண்டில் இரையை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டு எச்சரித்த வள்ளுவருக்கு இந்தக் கணக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

வழக்காட இடமில்லாதவர்கள்

ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி, பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது. பம்பாய் மாகாணம் 1865-லேயே ஒருபடி மேலே சென்று, பந்தயத்தைச் சார்ந்த துணை ஒப்பந்தங்களும் செல்லாது என்று சட்டம் செய்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் இன்றும் நடைமுறையில் உள்ள 1887-ம் ஆண்டு சூதாட்டத் தடைச் சட்டம், சூதாட்ட விடுதியில் ஆடுகிறவரையும் தண்டிக்கிறது. விடுதிக்குச் சுவர் இருந்த காலத்துச் சட்டம் அது. 1976-ல் இயற்றப்பட்ட அந்த மாநிலத்தின் காசினோ சட்டம் ஒருநாள்கூட அமலுக்கு வராமலேயே 2023-ல் நீக்கப்பட்டது.

ஆக, சிவில் நீதிமன்றம் கதவை அடைத்துவிட்டது. காவல் நிலையத்துக்குப் போனாலோ, தானே குற்றவாளி ஆகிவிடுவோமோ என்ற அச்சம். தாராவியின் தோல் பட்டறையிலோ தையல் கூடத்திலோ வேலை செய்யும் ஒருவர், வாரக் கூலியைத் திரையில் இழந்துவிட்டு வாய் மூடி இருப்பதற்கு இதுதான் காரணம். இந்த மௌனத்தின் மீதுதான் மோசடிக்காரர்களின் கோட்டை எழுந்து நிற்கிறது.

2025-ம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியத்தைச் செய்துள்ளது. பண விளையாட்டை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்குத் துணை போகும் நிறுவனங்களும் தப்ப முடியாது. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அவரைக் குற்றவாளியாக அன்றிப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்க வேண்டும் என்பதே அரசின் விளக்கம். பாதிக்கப்பட்டவர் என்று ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி தானே எழுகிறது: அவருடைய பணத்துக்கு என்ன வழி?

மகாதேவ் வழக்கில் மட்டும் 2023 செப்டம்பரில் ரூ.417 கோடி சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. முடக்கப்பட்ட சொத்தை, நியாயமான உரிமை உள்ளவர்களுக்குத் திருப்பித் தருவதற்குக் கறுப்புப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் 8-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. வங்கி மோசடி வழக்குகளில் வங்கிகளுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. 500 ரூபாயும் 5,000 ரூபாயுமாக இழந்தவர்களுக்கு அது எப்படிப் பயன்படும் என்பதை எந்த அமைச்சரும் அவையில் விளக்கவில்லை.

உரிமம்தான் மாற்றா?

தடையால் பயனில்லை, உரிமம் தந்து கண்காணிப்பதே வழி என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையம் இயங்குகிறது. விளையாட்டுகள் சோதிக்கப்படுகின்றன. வாடிக்கையாளரின் புகாரை விசாரிக்க நிறுவனத்தைச் சாராத அமைப்பு இருக்க வேண்டும் என்பது கட்டாயம். இணையச் சுழல் விளையாட்டுகளில் ஒருமுறைக்கு 5 பவுண்டுக்கு மேலும், 18 முதல் 24 வயதினர் 2 பவுண்டுக்கு மேலும் கட்டக் கூடாது என்ற வரம்பு 2025-ல் வந்தது. இந்தியத் தடைச் சட்டத்தை அடுத்து உள்நாட்டு நிறுவனங்கள் பண விளையாட்டுகளை நிறுத்திக்கொண்டன. எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத வெளிநாட்டுத் தளங்களுக்கே இதனால் லாபம் என்ற கவலையிலும் பொருள் உண்டு.

ஆனால், உரிமத்தை நம்பியிருந்த காலத்தையும் இந்தியா பார்த்துவிட்டது. 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தொழில் துறையினரே அமைக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் சான்றளிக்கும் பொறுப்பைத் தர மத்திய அரசு முயன்றது. அத்தகைய அமைப்பு ஒன்றுகூடச் செயல்படத் தொடங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் தவறாமல் வந்துவிட்டது. வரி வாங்கத் தெரிந்த அரசுக்குத் தணிக்கை செய்யத் தெரியவில்லை. கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவின் உரிமத்தைத் திரையின் அடியில் காட்டும் தளத்தின் மீது செம்பூரில் இருப்பவர் யாரிடம் போய்ப் புகார் செய்வார்?

எல்லை கடந்த சூது இந்தியச் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. பெங்களூரில் அச்சாகி, பம்பாய் மாகாணத்தில் விற்பனையான ஒரு பத்திரிகையின் பரிசுப் போட்டி குறித்த சமர்பாக்வாலா வழக்கில் 1957-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடத்துபவர் வெளி மாநிலத்தில் இருந்தாலும், ஆடுபவர்கள் இங்கே பணம் கட்டினால் பம்பாயின் சட்டம் அவரைப் பிடிக்கும் என்றது நீதிமன்றம். சூதாட்டம் அரசியல் சாசனம் பாதுகாக்கும் வணிகம் அல்ல என்றும் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தீர்ப்பில் கூறினார். அந்தக் கொள்கையைப் பெங்களூரில் இருந்து துபைக்கு நீட்டிப்பதற்குத் தேவை புதிய தத்துவம் அல்ல, அரசியல் உறுதி.

மாநிலங்களின் பங்கு

சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். தமிழகம் இதற்காக நடத்திய போராட்டம் நீண்டது. 2021-ல் கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின்னர், 2023 ஏப்ரலில்தான் அது சட்டமானது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தாலும், அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களுக்கான தடையை ஏற்றுக்கொண்டது. திருநெல்வேலியில் இருக்கும் தம்பிக்கு 2023-ம் ஆண்டுச் சட்டம். தாராவியில் இருக்கும் அண்ணனுக்கு 1887-ம் ஆண்டுச் சட்டம். இருவர் கையிலும் இருப்பது ஒரே செயலி. மத்தியச் சட்டத்துக்கு இந்த ஒரு காரணமே போதுமானது என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர். மாநில அதிகாரத்தில் தலையீடு என்று எதிர்ப்பாளர்கள் கூறுகின்றனர். பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

அதிகாரம் யாருடையது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு. 2023 நவம்பர் 5-ம் தேதி மகாதேவ் உள்பட 22 செயலிகளை மத்திய அரசு முடக்கியது. 2022-ல் தொடங்கி 2025 தொடக்கம் வரை முடக்கப்பட்ட சூதாட்டத் தளங்களும் செயலிகளும் 1,400-க்கும் அதிகம். ஒன்றை முடக்கினால் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு இன்னொன்று முளைக்கிறது. முகவரியைத் துரத்துவதைவிடப் பணத்தைத் துரத்துவதே பலன் தரும். பணம் போகும் வழி ஏழைகளின் பெயரில் திறக்கப்பட்ட வங்கிக் கணக்குகள். சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் கணக்கை வாடகைக்கு விடும் இளைஞருக்கு, விசாரணை என்று வரும்போது முதலில் தன் பெயர்தான் ஏட்டில் ஏறும் என்பது தெரியாது. அதை வங்கிகள் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும்.

சைபர் மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண் ஏற்கெனவே இருக்கிறது. நேரலைச் சூதில் ஏமாந்தவர்களும் தண்டனை அச்சமின்றி அதில் புகார் செய்யலாம் என்பதை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழில், மராத்தியில், இந்தியில் அரசு அறிவிக்க வேண்டும். முடக்கப்பட்ட சொத்தில் சிறு தொகை இழந்தவர்கள் உரிமை கோருவதற்கு எளிய நடைமுறை ஒன்றை வகுக்க வேண்டும். எத்தனை புகார்கள் வந்தன, எவ்வளவு பணம் திரும்பியது என்ற விவரத்தை ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் அவையின் முன் வைக்க வேண்டும். முழக்கத்துக்கு இடையே சட்டம் இயற்றிய உறுப்பினர்கள், கேள்வி நேரத்திலாவது அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

சூது நடத்துபவர்கள் நேர்மைக்குச் சாட்சியாக நியூயார்க்கைக் காட்டினார்கள். பிறகு பானையைக் காட்டினார்கள். இப்போது கேமராவைக் காட்டுகிறார்கள். சாட்சிகள் அனைவரும் அவர்களுடைய ஆட்களே. இழந்தவர் சார்பில் நிற்பதற்கு ஒரு சாட்சியை ஏற்படுத்துவது அரசின் கடமை. அதைச் செய்யாத வரையில், நாடாளுமன்றம் இயற்றிய தடை, கடையை மூடச் சொன்ன உத்தரவாக இருக்குமே தவிர, களவுபோன பொருளை மீட்டுத் தந்த நீதியாக இருக்காது.